தைல மரம்

தைல மரம் அல்லது யூக்கலிப்டஸ் என்பது மிர்ட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரப் பேரினம் ஆகும். நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்தில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஒரு சிலவற்றைத் தவிர அனைத்துக்கும் தாயகம் ஆஸ்திரேலியா ஆகும். இவற்றில் மிகச் சில இனங்களின் இலைகளிலிருந்தே மருந்துக்குப் பயன்படும் எண்ணெய் எடுக்கப்படுகிறது. அவ்வெண்ணெய் தமிழ்நாட்டில் நீலகிரித் தைலம், யூக்கலிப்டஸ் தைலம் என்னும் பெயர்களில் வழங்குகிறது. சளி, மூக்கடைப்பு, தலைவலி, மூட்டு வலி ஆகியவற்றுக்கான வீட்டு மருந்தாக ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இது இருக்கிறது. ஆயினும் இது வெளிப்பூச்சுக்கும் முகர்வதற்கும் மட்டுமே உரியது, குடித்தால் நஞ்சாகும்.

பெயர்

யூக்கலிப்டஸ் என்னும் சொல் 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. பூ மொட்டின் மேல் தொப்பி போன்ற மூடி ஒன்று உண்டு. பூ விரியும்போது அம்மூடி கழன்று விழ, உள்ளிருந்து மகரந்தத் தாள்கள் குஞ்சம் போல் வெளிவரும். இதழ்கள் தனியாக இரா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே 1788ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். தாசுமேனியாவை அடுத்த புரூனி தீவில் 1777ஆம் ஆண்டில், கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தின்போது சேகரிக்கப்பட்ட கிளையொன்றை வைத்தே அவர் இதனை விவரித்தார்.

நீலகிரி மாவட்டத்தில் இம்மரத்தைக் கற்பூர மரம் என்றும் அழைப்பர். உண்மையான கற்பூரம் இலவங்கப்பட்டையின் உறவான வேறொரு மரத்திலிருந்து கிடைப்பது. மணத்தின் ஒற்றுமையால் வந்த பெயர் இது. இந்தி, மராத்தி முதலிய மொழிகளிலும் இவ்வெண்ணெய்க்கு நீலகிரியின் பெயரே வழங்குவதால், மரம் அம்மலைக்கே உரியது என்றும், இதன் நீலநிற இலையால்தான் மலைக்கு அப்பெயர் வந்தது என்றும் பலர் எண்ணுகின்றனர். இரண்டும் தவறு. 12ஆம் நூற்றாண்டின் ஹொய்சாளர் கல்வெட்டிலேயே நீலமலை குறிப்பிடப்படுகிறது. மரமோ அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரே அங்கு வந்தது.

இந்தியாவுக்கு வந்த வரலாறு

இந்தியாவில் யூக்கலிப்டஸ் முதன்முதலில் நடப்பட்டது பெங்களூருக்கு அருகிலுள்ள நந்தி மலையில் ஆகும். ஏறத்தாழ 1790ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் தம் தோட்டத்தில் நடுவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து விதைகளைப் பெற்றார் என்பர். நீலகிரியில் 1843ஆம் ஆண்டில் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன், குன்னூரை அடுத்த வெலிங்டனில் சில மரங்களை நட்டார். முறையான தோட்டங்கள் 1856ஆம் ஆண்டிலிருந்து தொடங்கின.

அதற்குக் காரணம் மருந்து அன்று, விறகு. ஊட்டி, குன்னூர், வெலிங்டன் ஆகிய குடியிருப்புகளும் படை முகாம்களும் வளர்ந்தபோது குளிர்காய்வதற்கும் சமைப்பதற்கும் சோலைக் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. பத்தே ஆண்டுகளில் விறகு தரும் அயல் மரம் ஒரு தீர்வாகத் தோன்றியது. இவ்வாறு மலையின் புல்வெளிகள் பலவும் தைல மரத் தோப்புகளாயின. பின்னர்த் தேயிலைத் தொழிற்சாலைகளும் இலையை உலர்த்துவதற்கு இவ்விறகையே நம்பின. இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் குடிசைத் தொழில் இத்தோப்புகளின் துணைப் பயனாக உருவானதே.

இங்கு ஒன்றைக் கூற வேண்டும். நீலகிரித் தைலம் சித்தர்கள் கண்ட மருந்து என்று சில நூல்களிலும் விளம்பரங்களிலும் எழுதப்படுகிறது. மரமே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே பழைய சித்த நூல்களில் இது இடம்பெற வாய்ப்பில்லை. ஆவி பிடிப்பதற்கு நம் முன்னோர் பயன்படுத்தியது நொச்சி இலை. நொச்சியும் யூக்கலிப்டசும் தாவரவியல் முறைப்படி உறவற்றவை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரே இவ்விலையையும், மரத்திலிருந்து கசியும் செந்நிறப் பிசினையும் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தியவர்கள். வணிக முறையில் எண்ணெய் வடிப்பதை 1852ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தில் ஜோசப் பொசிஸ்டோ என்னும் மருந்தாளர் தொடங்கினார். தாவரவியலாளர் ஃபெர்டினான்ட் வான் முல்லர் அவரை இதில் ஊக்குவித்தார்.

19ஆம் நூற்றாண்டில் இம்மரம் 'காய்ச்சல் மரம்' என்றும் பெயர்பெற்றது. அல்ஜீரியாவிலும் இத்தாலியிலும் சதுப்பு நிலங்களில் இதை நட்டபோது மலேரியா குறைந்ததாகக் கருதப்பட்டது. இலையின் மணம் நோயை விரட்டுகிறது என்றே அக்காலத்தில் நம்பினர். மரம் நிலத்து நீரை உறிஞ்சிச் சதுப்பை வற்றச் செய்ததால் கொசு குறைந்திருக்கலாம் என்பது கொசுவின் பங்கு தெரிந்த பின்னர் வந்த விளக்கம்.

வகைகள்

வீட்டு மருத்துவத்தில் 'யூக்கலிப்டஸ் இலை' என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் குழப்பம் நேர்கிறது. தமிழ்நாட்டில் காணப்படும் வகைகள் மணத்திலும் எண்ணெயின் வேதிப் பொருள்களிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை.

நீலப் பிசின் மரம் எனப்படும் யூக்கலிப்டஸ் குளோபுலஸ் நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த உயர்மலைகளில் வளர்வது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லபில்லார்டியே இதை 1800ஆம் ஆண்டில் விவரித்தார். இது தாசுமேனியாவின் மாநில மலரும் ஆகும். இதன் இளமரத்தையும் முதிர்மரத்தையும் அருகருகே பார்ப்பவர் இரண்டும் ஒரே இனம் என்று நம்பமாட்டார். இளங்கன்றின் இலைகள் காம்பின்றி, எதிரெதிராக, அகன்று, வெண்ணீல மெழுகுப் பூச்சுடன் இருக்கும். தண்டு நாற்கோண வடிவானது. மரம் முதிர்ந்தபின் இலைகள் அரிவாள் போல் வளைந்து, நீண்டு, கரும்பச்சை நிறத்துடன் தொங்கும். பட்டை நீண்ட கீற்றுகளாக உரிந்து விழும். காய் பொத்தான் போன்றது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாக எண்ணெய்ச் சுரப்பிகள் தெரியும். எண்ணெயில் 60 முதல் 80 விழுக்காடு வரை சினியோல் என்னும் பொருள் உள்ளது. யூக்கலிப்டால் என்பதும் இதுவே. மருந்துத் தரமுள்ள எண்ணெயில் பொதுவாக 70 விழுக்காட்டுக்குக் குறையாத சினியோல் இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது.

சமவெளியில் நாம் காண்பது பெரும்பாலும் யூக்கலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ். நந்தி மலை மரங்களின் விதைவழி வந்த 'மைசூர்ப் பிசின் மரம்' இதன் வடிவமே. 1950களிலிருந்து தென்னிந்தியாவில் பெருமளவில் நடப்பட்டது. காகித ஆலைகளுக்கான கூழ் மரமாகவும் கட்டடச் சாரக் கம்பாகவும் பயன்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் பரந்த தைல மரக் காடுகள் இவ்வகையினவும், இதன் நெருங்கிய உறவான யூக்கலிப்டஸ் கமால்டுலென்சிஸ் வகையினவும் ஆகும். இவற்றின் எண்ணெய் அளவும் சினியோல் அளவும் மரத்துக்கு மரம் மாறுபடும். காஞ்சிபுரம் போன்ற சமவெளி ஊர்களில் சாலையோரத்து மரத்தில் இலை பறித்து ஆவி பிடிப்பவர், கடையில் வாங்கும் நீலகிரித் தைலத்தின் காரம் அதில் இல்லையே என்று வியப்பதற்குக் காரணம் இதுவே. இலை பழையது அன்று, இனம் வேறு.

எலுமிச்சைத் தைல மரத்தை மூக்கே அடையாளம் காட்டிவிடும். கசக்கிய இலை எலுமிச்சம்புல் போல் மணக்கும். முன்னர் யூக்கலிப்டஸ் சிட்ரியோடோரா எனப்பட்ட இது, 1995ஆம் ஆண்டில் கொரிம்பியா என்னும் தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. வழவழப்பான வெண்ணிற அடிமரத்துக்காக இதைப் பூங்காக்களில் வளர்ப்பர். எண்ணெயின் முதன்மைப் பொருள் சிட்ரோனெல்லால். சினியோல் மிகக் குறைவு. ஆகவே சளிக்கு இது ஏற்றதன்று, சோப்பு மற்றும் வாசனைப் பொருள்களுக்கே ஏற்றது. ஆனால் இதன் எண்ணெயிலிருந்து பதப்படுத்திப் பெறப்படும் பி.எம்.டி. என்னும் பொருள் சிறந்த கொசு விரட்டி ஆகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005ஆம் ஆண்டில் இதைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் பூசக்கூடாது. பதப்படுத்தாத எலுமிச்சைத் தைலத்துக்கு இந்த ஆற்றல் அதே அளவில் இல்லை. சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும்.

யூக்கலிப்டஸ் கிராண்டிஸ் என்னும் இனம் கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடு உயரங்களிலும் கூழுக்காக வளர்க்கப்படுகிறது. மருத்துவத்தில் இதற்குப் பெரிய இடமில்லை.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் காணப்படும் கயு பூத்தே எண்ணெய் யூக்கலிப்டஸ் அன்று. அது இதே குடும்பத்தின் மெலலூக்கா மரத்திலிருந்து வருவது. மலாய் மொழியில் 'வெள்ளை மரம்' என்று பொருள். அதிலும் சினியோல் மிகுதியாக இருப்பதால் மணமும் பயனும் ஒத்திருக்கின்றன.

தைலம் வடித்தல்

நீலகிரியில் தைலம் வடிக்கும் முறை எளிமையானது. பெரிய உலோகக் கலனில் இலைகளைத் திணித்து, நீருடன் சூடாக்குவர். நீராவி இலையின் சுரப்பிகளிலிருந்து எண்ணெயையும் உடன் இழுத்துக்கொண்டு குழாய் வழியே செல்லும். குழாய் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் சுருண்டு செல்வதால் ஆவி மீண்டும் நீர்மமாகும். எண்ணெய் நீரினும் இலேசானது, மேலே மிதக்கும். அதைப் பிரித்தெடுத்து வடிகட்டுவர். வடித்து முடிந்த இலைச் சக்கையை உலர்த்தி மறுநாள் அடுப்புக்கு எரிபொருளாக்குவதால் விறகுச் செலவு குறைகிறது. நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும்.

இன்று உலகச் சந்தையில் யூக்கலிப்டஸ் எண்ணெயைப் பெருமளவில் அளிப்பது சீனா. இந்தியக் கடைகளில் விற்கும் குப்பிகளில் எல்லாம் நீலகிரி மலை இலையின் எண்ணெயே இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

கலப்படத்தை வீட்டில் ஓரளவு சோதிக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றில் வைக்க வேண்டும். தூய தைலம் சில மணி நேரத்தில் முற்றிலும் ஆவியாகும். எண்ணெய்ப் பசையான கறை எஞ்சினால் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய்க் கழிவு போன்ற ஏதோ ஒன்று கலந்துள்ளது. டர்பன்டைன் கலந்திருந்தால் அதுவும் ஆவியாகிவிடும் என்பதால் இச்சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. பட்டுச் சேலைகள் அடுக்கிய பெட்டிக்குள் பூச்சிக்காகத் தைலத்தை நேரே தெளிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கலப்படத் தைலம் பட்டில் கறையாக நின்றுவிடும்.

வீட்டு மருத்துவப் பயன்கள்

மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதே மிகவும் பரவலான பயன். கொதிக்க வைத்து இறக்கிய நீரில் ஒரு கைப்பிடி இலையையோ, இரண்டு மூன்று சொட்டுத் தைலத்தையோ இட்டு, ஆவியை முகர்வர். இதனால் மூக்கு 'திறந்துகொண்டது' போன்ற உணர்வு ஏற்படுகிறது. அவ்வுணர்வு எவ்வாறு உண்டாகிறது என்பது சுவையானது. மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. புதினா உப்பைப் போலவே சினியோலும் அவற்றைத் தூண்டுகிறது. காற்று மிகுதியாகச் செல்வதாக மூளை எடுத்துக்கொள்கிறது. 1983ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் கற்பூரம், யூக்கலிப்டஸ், மென்தால் ஆகியவற்றை முகர்ந்தவர்கள் மூச்சு எளிதாயிற்று என்று கூறினர். கருவியால் அளந்தபோது மூக்கின் அடைப்பு மாறவில்லை. இருப்பினும் இரவில் உறங்க உதவும் அந்த ஆறுதலைப் பயனற்றது என்று தள்ள முடியாது. நோயைக் குணப்படுத்துகிறது என்று சொல்வதுதான் தவறு.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, தமிழகத்தில் சில பொது இடங்களில் பலர் சேர்ந்து ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. இதனால் தொற்று பரவக்கூடும் என்பதால் அவ்வாறு செய்ய வேண்டாம் என மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். ஆவி பிடிப்பதால் நுரையீரலில் உள்ள வைரசு அழிவதில்லை.

மூட்டு வலி, இடுப்பு வலி, தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்குத் தைலத்தைத் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து தேய்ப்பர். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு ஆறு முதல் எட்டுச் சொட்டுகள் போதுமானவை. காஞ்சிபுரத்தில் குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளர் போன்றவர்களுக்கு இத்தகைய வலிகள் தொழிலோடு வருபவை. தைலம் தோலில் முதலில் குளிர்ச்சியையும் பின் வெதுவெதுப்பையும் தந்து வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. தேய்ப்பதால் தசை தளர்வதும் பயனில் ஒரு பங்கு. வலிக்கான காரணம் அப்படியே இருக்கும்.

கடைகளில் கிடைக்கும் பல வலி நிவாரணிகளில் இத்தைலம் ஓர் உறுப்பு ஆகும். 1893ஆம் ஆண்டில் நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்கு மாற்றப்பட்ட அமிர்தாஞ்சனத்திலும், 1928ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரிலிருந்து வரும் கோடாலித் தைலத்திலும் இது உண்டு. எனவே ஒரே நேரத்தில் தைலமும் பூசி, களிம்பும் தடவி, ஆவியும் பிடிப்பவர் ஒரே பொருளை மும்மடங்காகப் பெறுகிறார்.

தரையைத் துடைக்கும் நீரில் சிறிது கலப்பதும், பாத்திரங்களில் ஒட்டிய விலைச்சீட்டின் பசையை நீக்குவதும் பிற பயன்கள். பிசுபிசுப்பான பசைகளை இது நன்கு கரைக்கும்.

ஜெர்மனியில் தூய்மைப்படுத்திய சினியோல் 200 மில்லிகிராம் அளவில் உறையிட்ட மாத்திரையாகக் கிடைக்கிறது. மூக்குப்புடை அழற்சி, ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றில் அது துணை மருந்தாக உதவுவதாக அந்நாட்டு ஆய்வுகள் சில காட்டியுள்ளன. அம்மாத்திரை அளவிடப்பட்ட, குடலில் கரையுமாறு செய்யப்பட்ட மருந்து. இதைச் சான்றாகக் காட்டிக் குப்பியிலிருந்து தைலத்தைச் சர்க்கரையில் விட்டு உண்பது பெருந்தவறு.

நச்சுத்தன்மை

யூக்கலிப்டஸ் இலை பெரும்பாலான விலங்குகளுக்கு நஞ்சு. அதையே உண்டு வாழும் கோவாலாவுக்கு அதைச் செரிக்கும் சிறப்பான கல்லீரல் அமைந்துள்ளது. நமக்கு அது இல்லை.

ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் தைலம் சிறு குழந்தைக்குக் கடுமையான நச்சு விளைவை உண்டாக்கப் போதுமானது. குப்பிகள் இருமல் மருந்துக் குப்பி போலவே இருப்பதாலும், இரண்டும் ஒரே அலமாரியில் வைக்கப்படுவதாலும், இரவில் விளக்கின்றி எடுத்து ஊட்டிவிடும் தவறு நேரக்கூடும். அறிகுறிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கும்: வாயிலும் தொண்டையிலும் எரிச்சல், வாந்தி, தள்ளாட்டம், தூக்க மயக்கம், மூச்சு மந்தமாதல், வலிப்பு. மூச்சில் தைல மணம் வீசும். அப்போது வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்பு நீர் கொடுப்பதும், தொண்டையில் விரல் விடுவதும் தைலம் நுரையீரலுக்குள் செல்ல வழிசெய்யும். அது விழுங்கியதைவிடக் கேடானது. உடனே 108 ஊர்தியை அழைத்து, குப்பியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை நன்றாக இருப்பது போல் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது.

பூசுவதிலும் அளவு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மார்பில், முகத்தில், மூக்கில், தலையணையில் இதைத் தடவக்கூடாது. சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்குத் துளையில் ஒரு துளி தொட்டு வைக்கும் பழக்கம் சில குடும்பங்களில் உள்ளது. அதனால் குரல்வளை இறுகி மூச்சுத் திணறல் ஏற்படக்கூடும். வலிப்பு நோயுள்ளவர்கள் தைலத்தையும் கற்பூரம் கலந்த களிம்புகளையும் தவிர்ப்பது நல்லது. தைலம் பூசியபின்னோ முகர்ந்தபின்னோ முதன்முறையாக வலிப்பு வந்த பெரியவர்களைப் பெங்களூர் நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வுகளில் பதிவு செய்துள்ளனர். பழக்கத்தை நிறுத்தியதும் பலருக்கு வலிப்பு நின்றது. ஆகவே வலிப்புக்காக மருத்துவரைக் காணச் செல்பவர், நாள்தோறும் தைலம் பூசும் வழக்கம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். 'தைலம்தானே' என்று விட்டுவிடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இம்மணமே இழுப்பைத் தூண்டும்.

ஆவி பிடிப்பதில் மிகப் பெரிய ஆபத்து தைலம் அன்று, கொதிநீர். போர்வைக்குள் மடியருகே வைத்த பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது தீக்காயப் பிரிவுகளில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி ஆகும். குழந்தைகளுக்குப் போர்வை மூடி ஆவி பிடிக்கவே கூடாது. பெரியவர்களும் அடுப்பின்மேல் வைத்தபடி பிடிக்கக் கூடாது; தைலம் எளிதில் தீப்பற்றுவது, ஏறத்தாழ 50 பாகை செல்சியசிலேயே அதன் ஆவி பற்றக்கூடியது. நாய், பூனைகளுக்கும் தைலம் நஞ்சாகும்.

சுற்றுச்சூழல்

தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்பது உழவர்களின் நெடுநாள் குறை. ஊட்டியை அடுத்த கிளென்மார்கனில் மண் நீர் வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இதை நேரடியாக அளந்தது. அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாக விட்டு, மற்றொன்றின் ஒரு பகுதியில் 1972ஆம் ஆண்டில் நீலப் பிசின் மரம் நட்டனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் ஆண்டுக்குச் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு மேலும் கூடியது. நீலகிரியில் புதிதாக இம்மரம் நடுவதை வனத்துறை 1980களின் பிற்பகுதியில் நிறுத்தியது. கர்நாடக அரசு 2017ஆம் ஆண்டில் தன் மாநிலத்தில் யூக்கலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தது. புதுக்கோட்டை மாவட்டத்து உழவர்களும் தங்கள் பகுதித் தைல மரக் காடுகளை அகற்றக் கோரி வருகின்றனர்.